ஒரே அணி, 25 ஆண்டுகள்: மொரப்பாக்கம் கோபாலன் கதை

நீண்ட பதிவு இது. அவசரத்தில் இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வழக்கம்போல் பாதியில் நிறுத்திவிட்டு "அருமை சார்" என்று போட்டால் எனக்குத் தெரிந்துவிடும்!

போன வாரம் நம் பள்ளி வாட்ஸ்அப் குழுவில், அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் வேலை பார்க்கும் நம் மாணவர் ஒருவர் ஒரு சிலையின் படத்தைப் போட்டிருந்தார். கார்ல் யாஸ்ட்ரெம்ஸ்கி என்ற பேஸ்பால் வீரரின் சிலை. (பெயரை உச்சரிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது.) 1961 முதல் 1983 வரை 23 ஆண்டுகள் பாஸ்டன் ரெட் சாக்ஸ் என்ற ஒரே அணிக்கு ஆடியவர். மைதானத்தின் இடது கோடியைக் காப்பது அவர் வேலை. நம் கிரிக்கெட்டில் பவுண்டரி ஓரம் நிற்பவர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1967-லும் 1975-லும் அவர் அணி 'உலகத் தொடர்' என்னும் கடைசிக் கட்டம் வரை போனது. இரண்டு முறையும் ஏழாவது ஆட்டத்தில் தோற்றது. அவர் ஓய்வு பெற்று 21 ஆண்டுகள் கழித்து, 2004-ல்தான் அந்த அணி கோப்பையைத் தொட்டது. இதையெல்லாம் எழுதிவிட்டு அந்தத் தம்பி கேட்டிருந்தார்: "சார், நம்ம பக்கத்துல இந்த மாதிரி ஒரே டீமுக்கு ஆயுசு பூரா ஆடின ஆள் யாராவது உண்டா?"

உண்டு. எம்.ஜே.கோபாலன்.

உங்களில் பலர் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். கேள்விப்பட்டவர்களும் ஒரே ஒரு விஷயத்துக்காகத்தான் கேள்விப்பட்டிருப்பீர்கள்: "ஒலிம்பிக் தங்கப் பதக்கத்தை விட்டுவிட்டு கிரிக்கெட் ஆடப் போய் ஏமாந்தவர்." பொது அறிவுப் புத்தகங்களில் இப்படி ஒரு வரி வரும். அந்த ஒரு வரி அவருக்கு நியாயம் செய்யவில்லை என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

எம் என்பது மொரப்பாக்கம், செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமம். ஜே என்பது ஜோஸ்யம். குடும்பம் மெட்ராஸ் திருவல்லிக்கேணிக்கு வந்துவிட்டது. பையன் அங்கேயே வளர்ந்து அங்கேயே பந்து போடக் கற்றுக்கொண்டான். அவர் ஆடியது திருவல்லிக்கேணி கிரிக்கெட் கிளப்பில். பணக்கார வீட்டுப் பிள்ளை இல்லை. அந்தக் காலத்தில் கிரிக்கெட் ஆடுவதற்குச் சம்பளமும் கிடையாது, ஏலமும் கிடையாது. வேலை ஒன்று கையில் இருந்தால்தான் மைதானத்துக்குப் போக முடியும்.

அந்த வேலையைக் கொடுத்தவர் ஒரு வெள்ளைக்காரர். சி.பி.ஜான்ஸ்டன் என்று பெயர். கேம்பிரிட்ஜில் படித்து ஆடியவர், மெட்ராஸில் பர்மா ஷெல் எண்ணெய்க் கம்பெனியில் அதிகாரி. இன்றைக்கு நாம் பாரத் பெட்ரோலியம் என்கிறோமே, அதன் முன்னோடிக் கம்பெனி. கோபாலன் பந்து வீசுவதைப் பார்த்த ஜான்ஸ்டன், அவருக்குப் பர்மா ஷெல்லில் வேலை வாங்கிக் கொடுத்தார். வேடிக்கை என்னவென்றால், ஆண்டுதோறும் பொங்கல் சமயத்தில் சேப்பாக்கத்தில் இந்தியர்களுக்கும் ஐரோப்பியர்களுக்கும் நடந்த மாகாணப் போட்டியில் இருவரும் எதிரெதிர் அணிகளில் ஆடினார்கள். வாரநாளில் அதிகாரியும் ஊழியரும், பொங்கலன்று பந்தும் மட்டையும். மெட்ராஸில் அந்தப் பொங்கல் போட்டி ஒரு திருவிழா மாதிரியே நடந்திருக்கிறது. 1952 வரை அது தொடர்ந்தது.

1926-27 சீசனில் முதல்தரக் கிரிக்கெட்டுக்கு வந்தார் கோபாலன். வேகப்பந்து வீச்சாளர், கீழ்வரிசையில் மட்டை பிடிக்கவும் தெரிந்தவர். அதோடு முடியவில்லை, ஹாக்கியும் ஆடினார். சும்மா பொழுதுபோக்குக்கு இல்லை. 1935-ல் தியான்சந்த் தலைமையில் நியூசிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போன இந்திய ஹாக்கி அணியில் அவர் இருந்தார். அந்தப் பயணத்தில் 48 ஆட்டங்கள், அவற்றில் 39-ல் கோபாலன் ஆடினார். அந்த அணி மொத்தம் 584 கோல் போட்டது. தியான்சந்த் மட்டும் 201. கணக்கில் தகராறு செய்யும் என் பழைய மாணவர்கள், ஆட்டத்துக்குச் சராசரி எத்தனை கோல் என்று வகுத்துப் பாருங்கள். எதிரணிகளின் நிலைமை புரியும்.

அதற்கு முன்பே, 1934 ஜனவரியில், கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிராக டெஸ்ட் ஆடிவிட்டார். எதிரணித் தலைவர் டக்ளஸ் ஜார்டின், 'பாடிலைன்' புகழ் ஜார்டின்தான். கோபாலன் 11 ரன் அவுட் ஆகாமல், அடுத்த இன்னிங்ஸில் 7, ஒரு விக்கெட். ஆட்டம் டிரா. மோசமில்லை, பிரமாதமும் இல்லை. அடுத்த மாதமே மூன்றாவது டெஸ்ட் மெட்ராஸில். சேப்பாக்கத்தில் நடந்த முதல் டெஸ்ட் அதுதான். ஊரே திரண்டு வந்திருக்கும். ஆனால் உள்ளூர்ப் பிள்ளை கோபாலன் அணியில் இல்லை. அமர்சிங் என்ற காத்தியவார் வீரர் அதில் ஒரே இன்னிங்ஸில் 7 விக்கெட் எடுத்தார், ஆகவே தேர்வுக்குழுவை ஒரேயடியாகத் திட்டவும் முடியாது. ஆனாலும், சொந்த மைதானத்தின் முதல் டெஸ்ட்டை வெளியே இருந்து பார்ப்பது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கல்கத்தாவில் ஆடியதே அவருடைய கடைசி டெஸ்ட்டாகவும் ஆகிவிட்டது.

அதே ஆண்டு நவம்பர் 4-ஆம் தேதி அதே சேப்பாக்கத்தில் இன்னொரு முதல் நாள். ரஞ்சிக் கோப்பை வரலாற்றின் முதல் ஆட்டம், மெட்ராஸும் மைசூரும் மோதியது. முதல் பந்தை வீசியவர் கோபாலன், எதிரில் நின்றவர் மைசூரின் கர்டிஸ். இன்றைக்கு நாடு முழுக்க எத்தனை மாநில அணிகள், எத்தனை ஆட்டங்கள்! அத்தனைக்கும் முதல் பந்து திருவல்லிக்கேணிக்காரர் கையிலிருந்து போனது. ஆட்டம் ஒரே நாளில் முடிந்துவிட்டது. மைசூர் 48, மெட்ராஸ் 130, மறுபடி மைசூர் 59. ஒரு இன்னிங்ஸ் மற்றும் 23 ரன் வித்தியாசத்தில் வெற்றி. இடதுகைச் சுழற்பந்து வீசிய ஏ.ஜி.ராம்சிங் 11 விக்கெட் எடுத்தார். ராம்சிங்கின் கதையைத் தனிப் பதிவாக எழுத வேண்டும். அவரும் மெட்ராஸுக்காகவே உழைத்தவர், இந்தியாவுக்கு ஒரு டெஸ்ட்கூட ஆட விடவில்லை. அவருடைய இரண்டு பிள்ளைகள் கிருபால்சிங்கும் மில்கா சிங்கும் ஆடினார்கள்.

இப்போது 1936-க்கு வருவோம். பொது அறிவுப் புத்தகத்தின் அந்த ஒரு வரி.

அந்த ஆண்டு கோடையில் இந்தியக் கிரிக்கெட் அணி இங்கிலாந்து போகிறது. அதே கோடையில் பெர்லினில் ஒலிம்பிக். இரண்டிலும் ஆடத் தகுதியுள்ளவர் கோபாலன், ஆனால் இரண்டு கப்பலில் ஏற முடியாது. கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். இங்கிலாந்தில் நடந்த மூன்று டெஸ்ட்டில் ஒன்றில்கூட அவரைச் சேர்க்கவில்லை. பெர்லினில் ஹாக்கி அணி தங்கம் வென்றது.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு தேதிப் பொருத்தம் இருக்கிறது. பெர்லின் ஹாக்கி இறுதி ஆட்டம் முதல் நாள் மழையால் தள்ளிப்போய், 1936 ஆகஸ்ட் 15 அன்று நடந்தது. ஜெர்மனியை 8-1 என்று தோற்கடித்தது தியான்சந்த் அணி. அதே ஆகஸ்ட் 15 அன்றுதான் லண்டன் ஓவல் மைதானத்தில் மூன்றாவது டெஸ்ட் தொடங்கியது. அந்த டெஸ்ட்டில் இங்கிலாந்தின் ஹேமண்ட் 217 ரன் அடித்தார். போன ஆண்டு தன்னோடு ஆடிய தோழர்கள் பெர்லினில் தங்கம் வாங்கும் நாளில், அணியில் இடமில்லாத கோபாலன் லண்டனில் இருந்தார். பதினொரு ஆண்டு கழித்து அந்தத் தேதி நமக்கு வேறு காரணத்துக்காகப் பெரிதாகிவிட்டது.

சரி, அவர் ஏமாந்தவரா? நான் வகுப்பில் வரலாறு நடத்தும்போது சொல்வது உங்களுக்கு ஞாபகம் இருக்கும்: நடந்து முடிந்ததைத் தெரிந்துகொண்டு, நடப்பதற்கு முன் முடிவெடுத்தவனைக் கேள்வி கேட்கக் கூடாது. 1936-ன் தொடக்கத்தில் கோபாலன் நின்ற இடத்தில் நின்று பாருங்கள். ஹாக்கியில் இந்தியா ஏற்கெனவே 1928-லும் 1932-லும் தங்கம் வாங்கியாகிவிட்டது. ஜெயிக்கும் அணிதான், சந்தேகமில்லை. கிரிக்கெட்டிலோ இந்தியா அதுவரை ஆடியதே நான்கு டெஸ்ட். அந்த நான்கில் ஒன்றில் ஆடியவர் இவர். வயது உச்சத்தில் இருக்கிறது. வேலை கொடுத்தவர் கிரிக்கெட்காரர். இங்கிலாந்துப் பயணம் என்பது ஒரு கோடை முழுக்க, பல மாதங்கள், ஊர் ஊராக ஆட்டம். ஒரு பந்து வீச்சாளன் தன்னை நிரூபிக்க அதைவிட வாய்ப்பு ஏது? எனக்கென்னவோ அவர் சரியாகத்தான் முடிவெடுத்தார் என்று தோன்றுகிறது. (பல வருடம் கழித்துப் பேருந்து நிலையத்தில் என்னைப் பார்த்து, "சார், அன்னிக்கு நான் ஐ.டி.ஐ. சேராம பாலிடெக்னிக் சேர்ந்தது தப்பா சார்?" என்று கேட்பவர்களுக்கும் நான் இதைத்தான் சொல்கிறேன்.)

தவறு நடந்தது வேறு இடத்தில்.

நம் புதுக்கோட்டைக்காரர்களுக்குச் சமஸ்தானம் என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. 1936-ல் நம் ஊரே சமஸ்தானம்தான். இராஜகோபாலத் தொண்டைமான் பட்டத்தில் இருந்தார், அப்போது 14 வயதுச் சிறுவர். 1948 மார்ச்சில்தான் நாம் மெட்ராஸ் மாகாணத்தோடு சேர்ந்தோம். அந்தக் காலத்து இந்தியக் கிரிக்கெட்டும் சமஸ்தானங்களின் தயவில்தான் ஓடியது. பணம் யாரிடம் இருக்கிறதோ அவர் சொல்வதுதான் சட்டம். 1936 அணிக்குத் தலைவரானவர் 'விஸ்ஸி' என்று அழைக்கப்பட்ட விஜயநகரம் மகாராஜ்குமார். ஆட்டத் திறமையால் வந்த பதவி இல்லை. மூன்று டெஸ்ட்டிலும் சேர்த்து அவர் எடுத்தது 33 ரன். இரண்டு வேலைக்காரர்களோடும் ஏராளமான பெட்டிகளோடும் கப்பல் ஏறியவர் அவர். முதல் டெஸ்ட்டுக்கு முன்பே, நன்றாக ஆடிக்கொண்டிருந்த லாலா அமர்நாத்தை ஒழுங்கீனம் என்று சொல்லி ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். ஓவல் டெஸ்ட்டில் பாகா ஜிலானி என்ற வேகப்பந்து வீச்சாளருக்கு இடம் கிடைத்தது. காலை உணவு மேசையில் சி.கே.நாயுடுவை அவர் அவமதித்ததுதான் அதற்குத் தகுதி என்று கிரிக்கெட் வரலாறு எழுதுபவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் கதை ஒன்று உண்டு. தலைவருக்கு நாயுடுவைப் பிடிக்காது. ஊர் திரும்பியதும் விசாரணை வைத்தார்கள். பியூமாண்ட் குழு 1937-ல் கொடுத்த அறிக்கை விஸ்ஸியின் தலைமையைக் குறை சொன்னது.

நியாயமாகவும் பேச வேண்டும். நேர்மையான தேர்வு நடந்திருந்தாலும் கோபாலனுக்கு இடம் சுலபமில்லை. முகமது நிசாரும் அமர்சிங்கும் அன்றைய உலகத்தின் நல்ல வேகப்பந்து ஜோடிகளில் ஒன்று. மூன்றாவது இடத்துக்குத்தான் போட்டி. ஆனால் அந்த மூன்றாவது இடத்தைத் திறமை தீர்மானிக்காத ஓர் அணியில் அவர் மாட்டிக்கொண்டார்.

அதே பயணத்தில் மெட்ராஸ்காரர் இன்னொருவரும் இருந்தார். கோட்டா ராமசாமி. மெட்ராஸ் கிரிக்கெட்டின் தந்தை என்று சொல்லப்படும் புச்சிபாபு நாயுடுவின் மகன். 1922-ல் டேவிஸ் கோப்பை டென்னிஸ் ஆடியவர். 40 வயதில் முதல் டெஸ்ட் ஆடினார்! 40, 60, 29, அவுட் ஆகாமல் 41. அத்துடன் டெஸ்ட் முடிந்தது. மெட்ராஸ்காரர்கள் இருவரில் ஒருவருக்கு வயது போன பிறகு வாய்ப்பு, மற்றவருக்கு வயது இருந்தபோது வாய்ப்பில்லை. ராமசாமி 1985-ல் ஒரு நாள் வீட்டைவிட்டு வெளியே போனவர் திரும்பவே இல்லை என்பது இன்னொரு சோகம்.

பொது அறிவுப் புத்தகம் இங்கே நின்றுவிடுகிறது. கோபாலன் நிற்கவில்லை. 1936-க்குப் பிறகும் 15 ஆண்டுகள் ஆடினார். அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இந்தியா கூப்பிடவில்லை, ஆனால் மெட்ராஸ் ஒவ்வொரு ஆண்டும் கூப்பிட்டது. அவரும் போனார். அணித் தலைவராகவும் இருந்தார். மெட்ராஸ் அணி அந்தக் காலத்தில் கோப்பை வெல்லும் அணி இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். 1935-36 இறுதி ஆட்டத்தில் பம்பாயிடம் தோல்வி. 1940-41-ல் மறுபடி இறுதி ஆட்டம், சேப்பாக்கத்திலேயே, மகாராஷ்டிரத்திடம் தோல்வி. இன்று ஒரு வீரர் இரண்டு சீசன் ஜெயிக்கவில்லை என்றால் அணி மாறுகிறார், அல்லது அணி அவரை மாற்றிவிடுகிறது. அன்றைக்கும் மாறியவர்கள் உண்டு. ஹோல்கர், பரோடா போன்ற சமஸ்தான அணிகள் வெளியூர் வீரர்களுக்கு வேலையும் சம்பளமும் கொடுத்து அழைத்துக்கொண்டன. நம் கோபாலன் பர்மா ஷெல்லையும் திருவல்லிக்கேணியையும் விட்டு அசையவில்லை. மொத்தம் 78 முதல்தரப் போட்டிகள், 194 விக்கெட். "25 வருஷத்துக்கு 78 தானா?" என்று கேட்காதீர்கள். அன்றைக்கு ரஞ்சியில் தோற்றால் அந்த ஆண்டுக்கு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஒரு சீசனில் இரண்டு மூன்று ஆட்டம் கிடைத்தாலே பெரிது. மீதி நாளெல்லாம் அலுவலகம், கிளப் ஆட்டம், பயிற்சி.

1951-52 சீசனோடு நிறுத்தினார். மெட்ராஸ் முதன்முதலாக ரஞ்சிக் கோப்பையை வென்றது 1954-55-ல். இந்தூரில், ஹோல்கர் அணியை, 46 ரன் வித்தியாசத்தில். தலைவர் பாலு அழகண்ணன். ராம்சிங்கின் மகன் கிருபால்சிங் மட்டையாலும் பந்தாலும் கலக்கினார். முதல் பந்தை வீசியவர் ஓய்வு பெற்று மூன்றே ஆண்டு. பாஸ்டன் தம்பி, உங்கள் யாஸ்ட்ரெம்ஸ்கியின் அணி அவர் போன பிறகு 21 ஆண்டு காத்திருந்தது. நம்மவர் அணி மூன்று ஆண்டில் வென்றுவிட்டது. எது அதிகம் வலிக்கும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஆனால் மெட்ராஸ் ஒன்று செய்தது. அவர் முதல்தர ஆட்டத்தில் 25 ஆண்டுகள் முடித்ததைக் கொண்டாட ஒரு கோப்பை வைத்தார்கள். எம்.ஜே.கோபாலன் கோப்பை. மனிதர் உயிரோடு இருக்கும்போதே, ஆட்டத்தை விட்ட கையோடு, அவர் பெயரில். மெட்ராஸுக்கும் இலங்கைக்கும் இடையே 1953-ல் தொடங்கியது. ஒரு முறை இங்கே, ஒரு முறை கொழும்பில். நமக்கு அது சாதாரணமாகத் தெரியலாம். அன்றைக்கு இலங்கைக்கு டெஸ்ட் தகுதி கிடையாது. 1981-ல்தான் கிடைத்தது. அதுவரை வெளிநாட்டு அணி ஒன்றோடு முறையாக, தொடர்ந்து ஆட அவர்களுக்கு இருந்த வாய்ப்புகளில் இந்தக் கோப்பைக்குப் பெரிய இடம் உண்டு. அதற்கு முன்பே இந்த உறவு இருந்தது. யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்தில் வந்த எம்.சதாசிவம் 1947-ல் சேப்பாக்கத்தில் இலங்கைக்காக 215 ரன் அடித்ததைப் பழைய மெட்ராஸ்காரர்கள் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் உறவுகள் உள்ள நம் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கத்து மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இலங்கைக்கு டெஸ்ட் தகுதி கிடைத்த சில காலத்தில் கோப்பையின் தேவை குறைந்து, எண்பதுகளின் தொடக்கத்தில் நின்றது.

கோபாலன் பிறகு ஐம்பதுகளில் தேசியத் தேர்வுக்குழுவில் உறுப்பினராகவும் இருந்தார். அணியில் இடமில்லாமல் ஒரு கோடை முழுக்க உட்கார்ந்திருந்தவர், மற்றவர்களுக்கு இடம் கொடுக்கும் மேசையில்!

2003 டிசம்பர் 21 அன்று சென்னையில் காலமானார். உலகிலேயே உயிரோடு இருந்த டெஸ்ட் வீரர்களில் மூத்தவர் அப்போது அவர்தான். சேப்பாக்கம் மைதானத்தில் ஒரு வாயிலுக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். மேட்ச் பார்க்கப் போகும் பிள்ளைகள் டிக்கெட்டை நீட்டிக்கொண்டு ஓடும்போது ஒரு நிமிடம் அண்ணாந்து பாருங்கள்.

அவர் வயதைப் பற்றி ஒரு சின்ன வழக்கும் உண்டு. பதிவேடுகள் 1909 ஜூன் 6 என்கின்றன. குடும்பத்தார் 1906 என்பார்கள். எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. முப்பது ஆண்டுக்கு மேல் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்தவன் நான். நம் ஊரில் ஒரு தலைமுறையில் பாதிப் பேர் மே, ஜூன் மாதத்தில்தான் பிறந்திருக்கிறார்கள். உங்கள் அப்பாவின் உண்மையான பிறந்தநாள் தெரிய வேண்டுமென்றால் சான்றிதழைப் பார்க்காதீர்கள். அது எந்த வருஷம் கண்மாய் உடைந்தது, எந்தத் திருவிழாவுக்கு எத்தனை நாள் முன்னே பின்னே என்று அப்பத்தாவிடம் கேளுங்கள். அப்பத்தா இருக்கும்போதே கேளுங்கள்.